சோத்தாங்கைப் பக்கம்

ரூபன் உள்ள போயிட்டான். கதவைச் சாத்தியாச்சு. இனி இந்தப் பெஞ்சுல எனக்கு முன்னாடி ஆளே கிடையாது. இவ்வளவு நேரம் அவன் முதுகுன்னு ஒண்ணு இருந்துச்சு, காலர்ல வேர்வை காய்ஞ்சு ஒரு வெள்ளைக் கோடு கெடந்துச்சு, அதைப் பார்த்துக்கிட்டே நரம்பு பேரெல்லாம் ஒப்பிச்சுக்கிட்டு இருந்தேன், இப்ப எதிர்ல வெறும் சுவரு. உள்ள அனாட்டமி வாய்மொழிப் பரீட்சை, ரெண்டு எக்ஸாமினர். ஒருத்தர் எங்க காலேஜு, இன்னொருத்தர் வெளியூர்க்காரர். வெளியூர்க்காரர் முன்னால ஒரு ட்ரே நெறைய எலும்பு, அதுல ஒண்ணை எடுத்துக் கையில குடுத்து, இது உடம்புல எந்தப் பக்கத்து எலும்பு, வலதா இடதான்னுதான் முதல் கேள்வியே கேக்குறாராம். எலும்புக்குப் பேரு என்னன்னுகூட அப்புறந்தானாம். என் ரூம்மேட் ஜெஸிமா முடிச்சுட்டு வந்து சொல்லிட்டுத்தான் கேன்டீனுக்குப் போனா. "பக்கத்தை மட்டும் பதறாம சொல்லிரு அக்கா, மத்ததெல்லாம் நீ பிச்சு உதறிருவ." பக்கம் மட்டுமாம், பக்கம்! இருபத்திரண்டு வயசுல எனக்கு இன்னும் வராத ஒண்ணே ஒண்ணு அதுதானேடி. சரி, பதறாத. காறை எலும்பு, அதான் கழுத்துக்குக் கீழ தோளுக்குப் போற எலும்பு, அதைக் குடுத்தா என்ன பண்ணணும்? தட்டையா இருக்குற முனை தோள் பக்கம். உருண்டையா இருக்குற முனை நெஞ்சுப் பக்கம். பள்ளம் கீழ. வளைவு முன்னால. அப்படியே என் தோள்மேல வச்சுப் பார்த்தா எந்தத் தோள்ல பொருந்துதோ அந்தப் பக்கம். பொருந்திரும். பொருந்தினதுக்கு அப்புறம், அந்தத் தோளுக்குப் பேரு வலதா இடதான்னு வாய் சொல்லணுமே, அங்கதான் எனக்கு மாட்டிக்கிடும். சாவி போட்டுப் பூட்டின மாதிரி.

எல்லாம் சோத்தாங்கைங்குற அந்த ஒத்தை வார்த்தை செஞ்ச வேலை. சின்னதுல நான் சோறு தின்னது இந்தக் கையாலதான், மோதிரம் போட்டிருக்கேனே இந்தக் கை, பேனா பிடிக்கிற கை. அம்மா பொட்டுன்னு அந்தக் கையில ஒரு அடி போட்டு, "சோத்தாங்கையால தின்னுட்டி"ன்னு கத்துவா. எனக்கு ஒண்ணும் புரியாது. சோறு திங்குற கைதானே சோத்தாங்கை? நான் அதாலதானே திங்கேன்? திரும்பவும் அதே கையைத்தான் வைப்பேன். திரும்பவும் அடி. "இது பீச்சாங்கை, அது சோத்தாங்கை." "எனக்கு இதுதாம்மா சோத்தாங்கை." "வாயி! வாயி!" கடைசில அடிக்குப் பயந்து திங்குற கை மட்டும் மாறிருச்சு, எழுதுற கை மாறலை, வார்த்தை ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ தொங்கிருச்சு. ஸ்கூல்ல பி.டி. டீச்சர் வலது பக்கம் திரும்புன்னு சொன்னா மொத்த வரிசையும் ஒரு பக்கம் திரும்பும், நான் மட்டும் பக்கத்துல நிக்கிற சாந்திமேரி மூஞ்சிக்கு நேரா நிப்பேன். ரெண்டு பேரும் சிரிச்சுருவோம். இப்ப சிரிப்பு வரலை. ஏன்னா இங்க விஷயம் இன்னும் மோசம், இங்க என்னோட சோத்தாங்கைய யாரும் கேக்கலை, படுத்துக் கெடக்குற ஆளோட சோத்தாங்கையத்தான் கேக்காங்க. எதிர்ல நின்னு பார்த்தா அவங்க வலது எனக்கு இடது. ஒரு நாள் நெஜமாவே ஒருத்தர் படுத்திருப்பாரு, நான் கத்தியோட நிப்பேன், நல்லா இருக்குற காலைக் கீறிட்டேன்னா? ஐயோ. நினைக்காத. காறை எலும்பு. பள்ளம் கீழ.

கால் ஆடுது. செம்பா, காலை ஆட்டாத. நான் ஆட்டலை, அதுவா ஆடுது. என் பேரு செண்பகவல்லி, எங்க கோவில்பட்டி அம்மன் பேரு, வீட்டுல செம்பா, இங்க கிளாஸ்ல எல்லாத்துக்கும் அக்கா. பதினெட்டு வயசுப் பிள்ளைக நடுவுல நான் ஒருத்திதான் வயசுல மூத்தவ, முதல் நாள் ஒரு பையன் என்னைய மேடம்னு கூப்பிட்டுக் குட்மார்னிங் சொன்னான், பாவம். இந்தப் பெஞ்சுல உக்கார்ந்தா ஜன்னல் வழியா மெயின் கேட் தெரியுது. கேட்டுக்கு வெளிய டவுன் பஸ் நிக்கும். இப்பக்கூட ஹாரன் அடிச்சான். அந்தச் சத்தம் கேட்டதும் கால் ரெண்டும் காது குடுக்குது பாரு, எனக்கு ஃபெயிலாப் போறதுகூடப் பெரிய பயமில்லை, ஃபெயிலானா ஆறு மாசம், ஒரு வருசம், எழுதிக்கிடலாம். எனக்கு இந்தக் கால் ரெண்டையும் நெனச்சாத்தான் பயம். இதுக எழுந்திரிச்சுரும். என்னையக் கேக்காது. இதுக்கு முன்னால சேர்ந்த இன்ஜினியரிங் காலேஜுல அப்படித்தானே ஆச்சு? முதல் செமஸ்டர்ல கணக்குல அரியர், சரி, எல்லாருக்கும் வரும்னாங்க. அடுத்த செமஸ்டர்ல இன்னும் கூட. அதுக்கப்புறம் பரீட்சை அன்னைக்கு ஹால் வாசல் வரைக்கும் போவேன், என் நம்பர் எந்த டெஸ்க்குல ஒட்டியிருக்குன்னுகூட எட்டிப் பார்த்துருவேன், மின்விசிறி சுத்தும், பிள்ளைக ஸ்கேல், பென்சில் எல்லாம் அடுக்கி வைக்கும், அந்தக் காட்சியப் பார்த்துட்டு ஒரு அடி, ஒரே ஒரு அடி பின்னால வைப்பேன். தண்ணி குடிச்சுட்டு வந்துருவோம்னுதான் நெனப்பேன். சத்தியமா. தண்ணி குடிப்பேன். அப்புறம் பார்த்தா பஸ்ஸுல உக்கார்ந்திருப்பேன், ஜன்னல் காத்து மூஞ்சில அடிக்கும், அவ்வளவு நிம்மதியா இருக்கும், அந்த நிம்மதிதான் கேடு. பயந்து ஓடினவளுக்கு அப்படி ஒரு சொகம் கெடைக்கக் கூடாது. கெடைச்சா அடுத்த தடவையும் ஓடத்தான் தோணும்.

அப்புறம் வகுப்புக்கே போகலை. காலையில பையைத் தூக்கிட்டு கிளம்பிருவேன், எங்க போறது? கோயில்ல ரொம்ப நேரம் உக்கார்ந்தா யாராவது தெரிஞ்சவங்க வருவாங்க. பஸ் ஸ்டாண்டுல உக்கார்ந்தா பொம்பளைப் பிள்ளை ஏன் தனியா உக்கார்ந்திருக்கன்னு ஒருத்தன் வந்து நிப்பான். கடைசில பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஓ.பி. வராந்தாவுல எவ்வளவு நேரம் உக்கார்ந்தாலும் ஏன்னு கேக்க ஆள் கிடையாது. அழுதாக்கூடக் கேக்க மாட்டாங்க, பாவம், உள்ள யாருக்கு என்னவோன்னு நெனச்சுத் தள்ளி உக்காருவாங்க. ஒளிஞ்சுக்கிடத்தான் போனேன், டாக்டராகணும்னு ஒரு கனவும் இல்லை, சேவை கீவைன்னு யாராவது என்னையப் பத்திப் பேசினா எனக்குச் சிரிப்பு வரும். ஆனா என்னைய அங்க சும்மா உக்கார விட்டாத்தானே! மடியில காலேஜ் பையைப் பார்த்ததும் வந்துருவாங்க. "ஏம்மா, ரத்தம் எங்க எடுக்காக?" "தாயி, இந்தச் சீட்டுல எந்த ரூம்னு போட்டிருக்கு?" "பாப்பா, செத்த இந்தப் பிள்ளையப் பிடி, நான் மருந்து வாங்கிட்டு ஓடியாந்துருதேன்." முதல்ல எரிச்சலா வந்துச்சு. நானே ஒளிஞ்சு உக்கார்ந்திருக்கேன், என்கிட்ட வந்து வழி கேக்கீகளே. அப்புறம் எனக்கே எல்லா ரூமும் மனப்பாடம் ஆயிருச்சு. எழுந்திரிச்சு நின்னு, கையை நீட்டி, நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்கன்னு சொல்லுவேன். வாய் சோத்தாங்கைன்னு சொல்லும், நீட்டுற கை எதுத்த பக்கம் காட்டும். ஒருத்தர்கூட வழி தப்பலை. சனங்க என் வாயப் பார்க்கவே இல்லை, கையைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க. யாரு செஞ்ச புண்ணியமோ. அந்தச் சனங்களை நான் திரும்பப் பார்க்கப் போறதில்லை, பேரு தெரியாது, மூஞ்சிகூடப் பாதி மறந்துபோச்சு. அவங்க மட்டும் ஆளாளுக்கு வந்து நச்சரிக்காம இருந்திருந்தா நான் அந்த வராந்தாவுலயே செவத்தப் பார்த்துக்கிட்டுப் பைத்தியமாயிருப்பேன். நல்லா இருக்கட்டும். எல்லாரும் நல்லா இருக்கட்டும்.

உள்ள ரூபன் சத்தம் கேக்குது. என்னமோ சொல்லுதான், வேகமாச் சொல்லுதான், அப்ப நல்லாத்தான் போகுது போல. அம்மா இப்ப என்ன பண்ணுவா? கடையில நிப்பா. தாலுகா ஆபீசுக்கு எதிர்த்த ஜெராக்ஸ் கடை, வாரவங்க எல்லாரையும் ஒரு அதட்டு அதட்டாம காகிதத்தை வாங்க மாட்டா. அப்பா லாரி செட்டுல, அவரு எப்ப வருவாரு எப்ப போவாருன்னு சொல்ல முடியாது, வீட்டுக்கு எல்லாம் அம்மாதான். அந்த அம்மா ஒரு நாள் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல வந்து நின்னா. மூட்டு வலிக்குக் காட்ட வந்தாளா, காலேஜுல இருந்து ஃபோன் போயி என்னையத் தேடி வந்தாளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, நானும் கேட்டதில்லை. நான் ஒரு வயசான அம்மாவைக் கைத்தாங்கலாப் பிடிச்சு உக்கார வச்சுக்கிட்டு இருந்தேன். முதுகுக்குப் பின்னால ஒரு குரல். "ஏம்மா, எலும்பு டாக்டரு எந்தப் பக்கம்?" திரும்பினா அம்மா. அம்மா மூஞ்சில ஒண்ணுமே இல்லை. அசலாள் மாதிரி நிக்கா. பையை மார்போட அணைச்சுக்கிட்டு, வழி தெரியாத பொம்பளை எப்படி நிப்பாளோ அப்படி. நான் என்ன செய்ய? கையை நீட்டினேன். "நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம்"னு சொன்னேன். அம்மா ஒரு செகண்டு என் கையைப் பார்த்தா, அதே கை, அடிச்சு அடிச்சு மாத்தப் பார்த்தாளே அதே கை. சரிம்மான்னு சொல்லிட்டு கை காட்டின பக்கம் போயிட்டா. எல்லார் முன்னாலயும் அங்கயே ஒரு அறை விட்டிருக்கலாம். முடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம், அவளுக்கு இருக்குற கோவத்துக்கு அது ஒண்ணும் பெரிசில்லை. விடலையே! என்னைய நம்பி வழி கேட்டுட்டுப் போனாளே! பரீட்சை நேரத்துல அழாத, கண்ணு செவந்திருந்தா அந்த வெளியூர்க்காரர் என்ன நெனப்பாரு.

அம்மா திரும்பி வந்து என்னையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் பஸ் ஏறினா. இறங்குற நேரத்துலதான் கேட்டா. "அந்தக் கெழவியப் பிடிச்சு உக்கார வச்சியே, யாரு அவ?" "தெரியாதும்மா." "தெரியாதவளுக்கா அம்புட்டுப் பக்குவம் பண்ணுத?" நான் பையை எடுத்துத் தோள்ல மாட்டினேன். "வீட்டுல ஒரு டம்ளரை எடுத்து வைக்க வளையாது, அங்க வளையுதே முதுகு." பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தா. "அப்ப அதையே படிச்சுத் தொலை." அவ்வளவுதான். இதுதான் எனக்கு அம்மா குடுத்த வாழ்த்து. படிச்சுத் தொலை. அதுக்கப்புறம் நீட் பரீட்சைக்குப் படிச்சேன், முதல் தடவை மார்க்கு வரலை, சொந்தக்காரங்க கல்யாண வீட்டுல வந்து, செம்பா இப்ப என்ன பண்ணுதான்னு இழுப்பாங்க, அந்தக் கேள்வியிலயே பாதி சிரிப்பு இருக்கும். அம்மா ஒரு இடத்துலயும் மழுப்பலை. "ஒண்ணுல ஃபெயிலாயிட்டா, இன்னொண்ணு படிக்கா, பாஸானா சொல்லுதேன், சாப்பிட்டீகளா?" முடிஞ்சுது. அவ அப்படிப் போட்டு உடைச்சதாலதான் எனக்கு மறைக்க ஒண்ணுமே இல்லாமப் போச்சு. ரெண்டாந்தடவை எழுதப் போறப்ப சென்டர் வாசல்ல வந்து நின்னா, மத்தவங்க அம்மா எல்லாம் திருநீறு பூசிவிட்டு, கட்டிப்பிடிச்சு அனுப்புறாங்க, இவ என் பின்னால ஒரு அடி தள்ளி நிக்கா. கேட்டைத் தாண்டினதும் திரும்பிப் பார்த்தேன், அப்பவும் அதே இடத்துல நடு வழியில நிக்கா, வாரவங்க போறவங்க எல்லாம் இடிக்காங்க, நகர மாட்டேங்கா. அப்புறந்தான் புரிஞ்சுது. நான் திரும்பி வந்தா அவளை இடிச்சுத்தான் வெளிய போகணும். அவளுக்கு என் காலைத் தெரியும். நான் எழுதி முடிச்சேன். மெடிக்கல் சீட்டு வந்துச்சு. அம்மா, உனக்கு நான் என்னத்தைத் திருப்பித் தர? இன்னைக்கு இந்த வாசல்ல நீ இல்லையேம்மா. இன்னைக்கு எனக்குப் பின்னால வழிய மறிச்சு நிக்க யாருமே இல்லை, கேட் தெறந்து கெடக்கு.

ஜெஸிமா பக்கத்துல இருந்தாலாச்சும் பரவாயில்லை. அவ தங்கமான பிள்ளை. ராத்திரி ராத்திரி அவ தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு எனக்கு எலும்பு பிடிக்கச் சொல்லிக் குடுத்தா. நேத்து மருதாணிக் கோனை எடுத்துட்டு வந்து, "சோத்தாங்கைய நீட்டுக்கா, உள்ளங்கையில ஒரு பொட்டு வச்சு விடுதேன், பொட்டு இருந்தா வலது, முடிஞ்சுது கதை"ன்னா. நான் நீட்டினேன். வச்சா. நல்லா செவந்துருச்சு. இன்னைக்குக் காலையில இட்லி சாப்பிடுறப்ப பார்த்தா பொட்டு இருக்குற கை சும்மா மடியில கெடக்கு, பொட்டு இல்லாத கை சட்னியைத் தொடுது! ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி உக்கார்ந்திருந்தோம். "நீ நீட்டினதைத்தானே நான் பிடிச்சேன்"னு அவ. "நீ சோத்தாங்கைன்னு கேட்டதுதாண்டி தப்பு"ன்னு நான். அப்புறம் சிரிச்சோம் பாரு, மெஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. இப்ப என்ன கணக்குன்னா, பொட்டு இருந்தா இடது. இருந்தா இடது, இல்லாட்டி வலது. எதிராளிக்கு... இல்லை, எலும்பை என் தோள்மேல வச்சுட்டா எதிராளி கிடையாது. இருந்தா இடது. இருந்தா இடது.

கதவு தெறக்குது. ரூபன் வாரான். சிரிக்கான். "போங்கக்கா, நல்லவருதான்." நான் எழுந்திரிச்சேன். கால் எந்திரிச்சது, ஆனா எந்தப் பக்கம் போகப்போகுதுன்னு அதுக்கே தெரியலை, ஒரு நிமிசம் கேட்டைப் பார்த்து நிக்கேன், ஒரு நிமிசம் கதவைப் பார்த்து நிக்கேன், அட்டெண்டர் அண்ணன் உள்ள இருந்து, செண்பகவல்லின்னு முழுப் பேரையும் நீட்டிக் கூப்பிடுதாரு. உள்ள வந்துட்டேன். எப்படி வந்தேன்னு தெரியலை. ஃபார்மலின் வாடை கண்ணைக் கரிக்குது. வெளியூர்க்காரர் கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சிருக்காரு, பார்க்க எங்க பேங்க் மேனேஜர் சாயல், ட்ரேயில கையை விட்டு எடுத்தாரு, காறை எலும்பேதான், நீட்டுதாரு. "எந்தப் பக்கம்மா?" தட்டை முனை. பள்ளம் கீழ. எலும்பு நழுவுது, கையெல்லாம் வேர்வை. தோள்ல வச்சேன். பொட்டு. "வலது சார்." சொல்லிட்டேன். பொட்டு இருந்தா இடதுல்ல? சொன்ன பிறகுதான் தப்புன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. எலும்பைத் தோள்ல இருந்து எடுக்கேன், மறுபடியும் வைக்கேன், மறுபடியும் எடுக்கேன். நம்ம காலேஜு மேடம் என்னைய நிமிர்ந்து பார்த்தாங்க. வெளியூர்க்காரர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கிட்டு, ரொம்ப மெதுவா, அவரு பொண்ணுகிட்டப் பேசுற மாதிரி சொன்னாரு.

"ரொம்பப் பயந்திருக்கம்மா. ஒண்ணும் பிரச்சினையில்லை. வெளிய போயித் தண்ணி குடி. இன்னும் ஆளுக இருக்காங்க, நீ கடைசியா வா. நான் மார்க்கு எதுவும் போடலை."

கடவுளே, எவ்வளவு நல்ல மனுசன். எங்க இருந்து வந்தாரு இவரு. அட்டெண்டர் அண்ணன்கூடக் கதவைத் தெறந்து பிடிச்சுக்கிட்டு நிக்காரு, தெறந்த கதவு வழியா வராந்தா தெரியுது, வராந்தாவுல வெயில் கெடக்கு, இந்தப் பக்கம் தண்ணிக் குழாய், அந்தப் பக்கம் கேட். பஸ்ஸு இஞ்சின் போட்டுட்டான். வா, ஏறுன்னு கூப்பிட்ட மாதிரி கேக்குது. தண்ணி குடிச்சுட்டு வந்துருவேன். கண்டிப்பா வந்துருவேன். அவரே சொல்லுதாரு, ஓடுன்னு இல்லை, தண்ணி குடின்னுதான் சொல்லுதாரு. ஒரு அடி. ஒரே ஒரு அடி. எனக்கு என்னையத் தெரியும். போனா வர மாட்டேன்.

"இல்ல சார்."

"என்னம்மா?"

"ரொம்ப நன்றி சார். ஆனா நான் வெளிய போகலை. போனா திரும்பி வர மாட்டேன் சார், எனக்குத் தெரியும். ஃபெயிலே போடுங்க, பரவாயில்லை. இங்கயே நிக்கேன், கேளுங்க."

சத்தமாத்தான் சொல்லியிருப்பேன் போல, மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. அழுகை வேற வந்துருச்சு, மூக்கு ஒழுகுது, துடைக்கக் கை இல்லை, ரெண்டு கையிலயும் அந்த எலும்பைப் பிடிச்சிருக்கேன். வெளியூர்க்காரர் கண்ணாடியை மறுபடியும் நெத்திக்கு ஏத்தினாரு. அப்புறம் அட்டெண்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாரு.

"கதவைச் சாத்துப்பா," அப்படின்னாரு. "இவங்க இங்கதான் இருக்காங்க."